தோலும் பட்டும்: கிண்டியில் போட்ட கணக்கு

(ஆரணிப் பட்டின் வரலாறு – தொடர்)

கோரா பட்டு சாயப்பட்டறைக்கு வந்ததும் முதலில் நடப்பது வேகவைத்தல். சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் சிட்டத்தை முக்கிப் புரட்டி எடுப்பார்கள். விறைப்பாகவும் மங்கலாகவும் இருந்த இழை மெதுவாகி, பளபளக்கத் தொடங்கும். எடையில் ஏறக்குறைய கால் பங்கு போய்விடும். போவது செரிசின் என்கிற கோந்து. மிஞ்சுவது ஃபைப்ராயின் என்கிற நார். இரண்டுமே புரதம். நாம் பட்டு என்று சொல்லிக் கட்டுவது அந்த ஃபைப்ராயினைத்தான். கொதிநீர் அதை ஒன்றும் செய்வதில்லை.

அதே கொதிநீரில் பதனிடாத ஆட்டுத்தோலைப் போட்டால் கதை வேறு. வெப்பம் 60, 65 டிகிரியைத் தொடும்போதே தோல் சுருண்டுகொள்ளும். தொடர்ந்து வேகவைத்தால் கரைந்து வச்சிரமாகிவிடும். தோலின் நாரும் புரதம்தான். அதன் பெயர் கொலாஜென்.

ஆரணியும் வேலூரும் ராணிப்பேட்டையும் ஆம்பூரும் வாணியம்பாடியும் 1989 வரை ஒரே வட ஆற்காடு மாவட்டம். அந்த மாவட்டத்தின் பேர்பெற்ற இரண்டு தொழில்கள் பட்டும் தோலும். ஒன்று பூச்சியின் வாயிலிருந்து வருகிறது, மற்றொன்று கால்நடையின் உடம்பிலிருந்து. தறிக்காரர் தெருவும் தோல் ஷாப்பும் ஒன்றையொன்று எட்டிப் பார்த்ததில்லை. ஆனாலும் இரண்டு ஊர்க்காரர்களின் கையிலும் புரண்டது ஒரே இனப் பொருள். ஒன்று கொதிநீரைத் தாங்குவதும் மற்றொன்று கரைவதும் எதனால்? இதற்கு விடை கிடைத்த வழியில் சென்னை கிண்டியில் ஒரு கணக்கு இருக்கிறது. இதுவரை ஆரணிக் கோட்டையையும் ஜாகிர்தார்களையும் நெசவாளர் தெருக்களையும் சுற்றி வந்த இந்தத் தொடர் இந்த ஒரு பகுதிக்கு மட்டும் அங்கே போகிறது.

பட்டிழைக்குள் எக்ஸ்ரே கதிரைப் பாய்ச்சிப் படம் பிடித்தவர்களில் முன்னோடிகள் ஜெர்மானியர்கள். 1920இல் ஹெர்ட்சோக், யான்கே இருவரும் பட்டில் ஒழுங்கான அடுக்கு இருப்பதைக் காட்டினார்கள். 1928இல் மேயர், மார்க் இருவரும் அது நீட்டி விரிந்த அமினோ அமிலச் சங்கிலிகளின் அடுக்கு என்றார்கள். சில ஆண்டுகளில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஆஸ்ட்பரி கம்பளி மயிரை ஆராய்ந்தார். கம்பளியை ஈரமாக்கி இழுத்தால் நீள்கிறது. அப்போது அதன் எக்ஸ்ரே படம் மாறிப் பட்டின் படத்தை ஒத்துவிடுகிறது. கம்பளியின் சங்கிலி சுருண்டு கிடப்பது, பட்டின் சங்கிலி முன்பே நீண்டு கிடப்பது என்று இதிலிருந்து புரிந்தது. பட்டு நூல் ரப்பர்போல இழுபடாமல் தறியில் விறைத்து நிற்பதற்கும் இதுவே அடிப்படை.

1951இல் அமெரிக்காவின் லைனஸ் பாலிங், ராபர்ட் கோரி இருவரும் சுருளின் வடிவத்தையும், நீண்ட சங்கிலிகள் பக்கம் பக்கமாக அமையும் மடிப்புத் தகட்டின் வடிவத்தையும் அளவோடு வெளியிட்டார்கள். கொலாஜெனுக்கும் ஒரு வடிவம் சொன்னார்கள். முதல் இரண்டும் நிலைத்தன. மூன்றாவது தவறாகப் போனது. அந்தத் தவறு சென்னைக்கு ஒரு வேலையை விட்டுவைத்தது.

ஜி. என். ராமச்சந்திரன் என்ற கோபாலசமுத்திரம் நாராயண ராமச்சந்திரன் 1922 அக்டோபர் 8 அன்று எர்ணாகுளத்தில் பிறந்தவர். தந்தை நாராயண அய்யர் கணிதப் பேராசிரியர். ராமச்சந்திரன் பெங்களூரில் சி. வி. ராமனிடம் படித்து, கேம்பிரிட்ஜ் போய்த் திரும்பியவர். 1952இல் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. லட்சுமணசுவாமி முதலியார் கிண்டி வளாகத்து இயற்பியல் துறைக்கு ராமனையே அழைத்தார். ராமன் தான் வர இயலாது என்று சொல்லி ராமச்சந்திரனைக் காட்டினார். முப்பது வயதைத் தொடும்போதே பேராசிரியர் நாற்காலி. எதை ஆராய்வது என்ற யோசனையில் அவர் இருந்த நாளில் லண்டனிலிருந்து படிகவியலாளர் ஜே. டி. பெர்னால் சென்னைக்கு வந்தார். கொலாஜெனின் அமைப்பு இன்னும் சரியாகத் தெரியவில்லை என்று அவர் சொன்னது ராமச்சந்திரன் மனத்தில் தங்கிவிட்டது.

கொலாஜெனுக்கு எங்கே போவது? பக்கத்திலேயே இருந்தது மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம். 1948இல் தொடங்கிய அந்த நிலையத்தைச் சென்னையில் வைத்ததற்கு வட ஆற்காட்டின் தோல் தொழிலும் ஒரு முகாந்திரம். தோல் நாரைக் கேட்டுப் போன ராமச்சந்திரனுக்கு அங்கே ஆஸ்திரேலியக் கங்காருவின் வால் தசைநாண் கிடைத்தது. கொலாஜென் அதில் மிகவும் சுத்தமாகவும் ஒழுங்காகவும் இருக்கும். தோல் தொழில் தேடிவைத்த பொருள் இப்படி அடிப்படை அறிவியலின் மேசைக்கு வந்தது. இந்தத் தற்செயலை நான் சிறிதாக நினைக்கவில்லை. ஒரு ஊரின் தொழில் எத்தகையதோ, அந்த வகைக் கேள்விதான் பக்கத்து ஆய்வகத்தின் வாசலுக்கு வரும்.

கோபிநாத் கர்த்தா என்ற இளைஞர் உடன் சேர்ந்தார். கொலாஜெனில் மூன்றில் ஒரு பங்கு கிளைசின் என்பது வேதியியல் பகுப்பாய்வில் தெரிந்திருந்தது. அமினோ அமிலங்களில் கிளைசின்தான் மிகச் சிறியது. அதற்குப் பக்கக் கிளையே கிடையாது, ஒரு ஹைட்ரஜன் அணு மட்டும். சங்கிலியில் மூன்றாவது கண்ணிதோறும் கிளைசின் வருமானால், மூன்று சங்கிலிகள் நெருங்கி நிற்கலாம். கிளைசின் எல்லாம் உட்பக்கம் போய்விடும். அங்கே வேறு எதற்கும் இடமில்லை. 1954 ஆகஸ்ட் 7 தேதியிட்ட ‘நேச்சர்’ இதழில் இருவரும் இதை எழுதினார்கள். மறு ஆண்டு, மூன்று சங்கிலிகளும் தனித்தனியே சுருண்டு, மேலும் ஒன்றையொன்று சுற்றிவருவதாகத் திருத்தி இன்னொரு கட்டுரை எழுதினார்கள். உலகம் கொலாஜெனை இன்று அறிந்திருப்பது அந்த வடிவில்தான். எலும்பு எளிதில் முறியும் பிறவி நோய் ஒன்று உண்டு. பெரும்பாலும் கொலாஜென் சங்கிலியில் ஒரே ஒரு கிளைசின் இருக்க வேண்டிய இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்துவிடுவதால் வருகிறது அது. புரதத்தின் வடிவம் கெட்டால் அதன் வேலையும் கெடும் என்பதற்கு இதைவிடக் கொடிய சாட்சி வேண்டாம்.

1955 முடிவதற்குள் எதிர்ப்பு வந்தது. அலெக்சாண்டர் ரிச்சும் ஃபிரான்சிஸ் கிரிக்கும், மூன்று சங்கிலி என்பதை ஒப்புக்கொண்டு, உள்ளே குறை கண்டார்கள். மூன்று கண்ணிகளுக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள் என்று சென்னைக்காரர்கள் சொன்னது நடவாது. அப்படி வைத்தால் சில அணுக்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிவிடும், ஒரு பிணைப்புதான் சாத்தியம் என்றார்கள். நம் ஊரில் இந்தக் கதையைச் சொல்பவர்கள் பலரும் கிரிக்கை வில்லனாக்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நேரடிப் பிணைப்பு ஒன்றே என்பதில் அவர்கள் சொன்னது சரி; 1994இல் கொலாஜென் போன்ற ஒரு பெப்டைடின், அதாவது சிறு அமினோ அமிலச் சங்கிலியின், படிக அமைப்பு வெளியானபோது அது உறுதியானது. சங்கிலிகளுக்கு இடையே நீர் மூலக்கூறுகளும் பாலமாக நிற்கின்றன என்று 1968இல் ராமச்சந்திரனும் சக ஆய்வாளர் சந்திரசேகரனும் கருதினார்கள். 1994 படிகத்தில் சங்கிலிகளைச் சூழ்ந்து நீர்ப் பாலங்களும் தென்பட்டன.

எதிர்ப்பைவிடப் பெரியது அதற்கு ராமச்சந்திரன் எடுத்துக்கொண்ட பதில். அணுக்கள் நெருங்கிவிட்டன என்கிறார்களே, எவ்வளவு நெருங்கினால் கூடாது? அதற்கு யாரிடமும் திடமான அளவு இல்லை. அமினோ அமிலங்கள், சிறு பெப்டைடுகள், பிற கரிமச் சேர்மங்கள் என்று அதுவரை வெளியான படிக அமைப்புகளைத் தேடி எடுத்து, ஒன்றோடொன்று பிணையாத அணுக்கள் எவ்வளவு தூரம் வரை நெருங்குகின்றன என்று தொகுத்தார்கள். அளவு ஆங்ஸ்ட்ராமில், ஒரு மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு. கார்பனும் கார்பனும் 3.2, மிஞ்சிப்போனால் 3.0. ஆக்சிஜனும் ஆக்சிஜனும் 2.7, மிஞ்சிப்போனால் 2.6. ஹைட்ரஜனும் ஹைட்ரஜனும் 2.0, மிஞ்சிப்போனால் 1.9. ஒவ்வொரு ஜோடிக்கும் இப்படி இரண்டு எல்லைகள்.

இந்த அட்டவணை கைக்கு வந்ததும் கேள்வி கொலாஜெனைத் தாண்டிவிட்டது. எந்தப் புரதமாக இருந்தாலும் அதன் சங்கிலி எப்படியெல்லாம் மடங்கலாம் என்று மொத்தமாகவே கேட்கலாம் என்றானது.

இதைப் புரிந்துகொள்ளச் சங்கிலியின் உடம்பைப் பார்க்க வேண்டும். இரண்டு அமினோ அமிலங்கள் இணையும் பெப்டைடு பிணைப்பு திரும்பாது. அதைச் சுற்றியுள்ள ஆறு அணுக்களும் ஒரே தளத்தில் படுத்திருக்கும் என்று பாலிங் காட்டியிருந்தார். ஆகவே புரதம் என்பது சீட்டுக்கட்டின் அட்டைகளை மூலையோடு மூலை சேர்த்துக் கோத்ததுபோல. அட்டை வளையாது, மூலையில் மட்டும் திரும்பும். மூலையில் இருப்பது ஆல்ஃபா கார்பன் என்ற அணு. ஒரு மூலைக்கும் அடுத்த மூலைக்கும் தூரம் 3.8 ஆங்ஸ்ட்ராம். ஒவ்வொரு மூலையிலும் இரண்டு திருப்பங்கள்; அவற்றின் கோணங்களுக்கு ஃபை, சை என்று பெயர். இந்த இரண்டு எண்களைக் கொடுத்துவிட்டால் அந்த இடத்தில் சங்கிலியின் வடிவம் தீர்மானமாகிவிடும். ஆயிரக்கணக்கான அணுக்கள் சேர்ந்த பொருளைக் கண்ணிக்கு இரண்டு எண்ணாகச் சுருக்கியதில்தான் இந்தக் கணக்கின் அழகு முழுவதும் இருக்கிறது.

சுருக்கியாகிவிட்டது, கணக்குப் போட வேண்டுமே. அந்தப் பாரம் விழுந்தது ஆய்வு மாணவர் சி. ராமகிருஷ்ணன் மேல். உடன் வி. சசிசேகரன். முதல் அட்டையை அசையாமல் வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது அட்டையை ஒரு ஃபை, ஒரு சை அளவுக்குத் திருப்ப வேண்டும். திருப்பியபின் அதன் ஒவ்வொரு அணுவும் எங்கே போய் நிற்கிறது என்று அணிப் பெருக்கலில் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு இந்த அட்டையின் அணுக்களுக்கும் அந்த அட்டையின் அணுக்களுக்கும் இடையே உள்ள தூரங்களை ஒவ்வொன்றாகக் கணக்கிட்டு, அட்டவணையோடு ஒப்பிட வேண்டும். ஒரே ஒரு ஜோடி எல்லையை மீறினாலும் அந்த வடிவம் கூடாதது. கோணத்தைப் பத்துப் பத்து பாகையாக நகர்த்துவதாக வைத்துக்கொண்டால்கூட 36ஐ 36ஆல் பெருக்கி, 1,296 வடிவங்கள். ஒவ்வொன்றிலும் பல தூரங்கள். கையிலிருந்த கருவி மேசைக் கால்குலேட்டர்.

இன்று கணிப்பு வேதியியல் என்று ஒரு துறை இருக்கிறது. புரதம் எப்படி மடிகிறது, மருந்து அதில் எங்கே பொருந்துகிறது, நொதி எப்படி வேலை செய்கிறது என்பதையெல்லாம் அணு அணுவாகக் கணக்கிடுகிறவர்கள் அதில் இருக்கிறார்கள். நம் நாட்டில் அந்தத் தொழிலுக்கு முதல் ஆள் யார் என்று கேட்டால் நான் தயங்காமல் ராமகிருஷ்ணன் பெயரைச் சொல்வேன். இந்தக் கணக்கிலிருந்து பிறந்த வரைபடத்துக்கு ‘ராமச்சந்திரன் வரைபடம்’ என்று ஆசிரியரின் பெயர் அமைந்தது நியாயம். கேள்வியும் வழியும் அவருடையவை. ஆனாலும் எண்களைச் சுமந்தவரின் பெயர் பாடப்புத்தகம் வரை வரவில்லை. ராமச்சந்திரனுக்கு நோபல் கிடைக்கவில்லையே என்று வருந்தும் கட்டுரைகளில்கூட அவர் இல்லை. எனக்கு அந்த விடுபடல்தான் உறுத்துகிறது.

1963இல் ‘ஜர்னல் ஆஃப் மாலிக்யுலர் பயாலஜி’ இதழில் ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் என்று மூன்று பெயர்களில் கட்டுரை வந்தது. ஐந்தே பக்கம். கட்டுரையில் ஒரு சதுரப் படம். ஒரு பக்கம் ஃபை, ஒரு பக்கம் சை. இயல்பான எல்லைக்குள் அடங்கும் இடங்கள் முழுக்கோட்டுக்குள். மிஞ்சிய எல்லை வரை அனுமதித்தால் கிடைக்கும் இடங்கள் விட்டுவிட்டுப் போட்ட கோட்டுக்குள். மற்றது முழுவதும் வெற்றிடம். கிளைசின் தவிர்த்த அமினோ அமிலங்களுக்குச் சதுரத்தின் முக்கால் பங்குக்குச் சற்று மேலேயே கூடாத இடம். கிளைசினுக்குப் பக்கக் கிளை இல்லாததால் அதற்கு மட்டும் பாதிக்கு மேல் திறந்துகிடக்கிறது.

உள்ளே விசை இல்லை, ஆற்றல் கணக்கு இல்லை, குவாண்டம் இல்லை. அணுக்கள் மோதக் கூடாது என்ற ஒரே நிபந்தனை. அதை வைத்தே உயிரின் புரதங்கள் எங்கெங்கே இருக்க முடியும் என்று சொல்லிவிட்டார்கள். 1965இல் லைசோசைம் என்ற நொதியின் அமைப்பு வெளியானது. அதற்கடுத்து ஒன்றொன்றாக மற்றப் புரதங்கள் வந்தன. அவற்றின் கோணங்களைக் குறித்துப் பார்த்தால் புள்ளிகள் பெரும்பாலும் அந்தக் கோடுகளுக்குள்ளேயே விழுந்தன. அவற்றின் அணு வரைபடங்கள் வருவதற்கு முன்பே கிண்டியில் எல்லை போட்டாகிவிட்டது.

இனி நம் இரண்டு சரக்கையும் அந்தச் சதுரத்தில் வைத்துப் பார்ப்போம். இன்று வழங்கும் முறையில் ஃபை, சை இரண்டும் மைனஸ் 180 முதல் பிளஸ் 180 வரை. கம்பளியின் சுருள் மைனஸ் 57, மைனஸ் 47 அருகே, இடப்பக்கம் கீழே. பட்டின் மடிப்புத் தகடு மைனஸ் 140, பிளஸ் 135 அருகே, இடப்பக்கம் மேலே. தோலின் கொலாஜெனும் இடப்பக்கம் மேலேதான், மைனஸ் 70, பிளஸ் 160ஐ ஒட்டி. ஆரணியும் ஆம்பூரும் அந்தப் படத்தில் ஒரே மூலையில் பக்கத்துப் பக்கத்தில் வந்துவிடுகின்றன. இரண்டு சங்கிலிகளும் நன்றாக நீண்டவை. இழுவையைத் தாங்குவதற்கென்றே இயற்கை செய்த நார்கள் இரண்டும் அந்த மூலையைத் தேர்ந்தது எனக்கு வியப்பாக இல்லை, மகிழ்ச்சியாக இருக்கிறது.

பக்கத்தில் இருந்தும் கொதிநீரில் ஏன் வேறுபடுகின்றன? பட்டின் பெரும்பகுதியில் கிளைசின் ஒன்றுவிட்டு ஒன்று வருகிறது. நடுவே அலனின், இடையிடையே செரின். ஒரு சங்கிலியின் கண்ணிகள் இருபக்கத்துச் சங்கிலிகளோடும் வரிசையாக ஹைட்ரஜன் பிணைப்புப் போட்டுத் தகடாகின்றன. தகட்டின் ஒரு முகம் முழுக்கக் கிளைசின், மறு முகம் அலனினும் செரினும். 1955இல் மார்ஷ், கோரி, பாலிங் மூவரும் இந்த அமைப்பை விளக்கினார்கள்: கிளைசின் முகங்கள் எதிர்ப்படும் இடத்தில் தகடுகளுக்கு இடையே 3.5 ஆங்ஸ்ட்ராம், அலனின் முகங்கள் எதிர்ப்படும் இடத்தில் 5.7. இந்த நெருக்கத்துக்குள் நீர் நுழைய வழியில்லை. நூறு டிகிரியில் கொதித்தாலும் படிகப் பகுதி குலையாது. செரிசினுக்கு இந்த அடுக்கு ஒழுங்கு இல்லை; ஆகவே சோப்புத் தண்ணீரில் போய்விடுகிறது. கொலாஜெனிலோ மூன்று கண்ணிக்கு ஒரு நேரடிப் பிணைப்பு. வெப்பம் ஏறினால் மூன்று சங்கிலிகளும் பிரிந்துகொள்கின்றன. தோல் பதனிடும்போது குரோமியம் ஏற்றுவது இதற்காகத்தான்: அது சங்கிலிகளுக்கு இடையே புதுக் கட்டுகளைப் போடுகிறது, அப்புறம் தோல் கொதிநீரையும் தாங்கும். பட்டுக்கு அந்த உதவி தேவையில்லை. ஆனால் காரம் கூடினால் சங்கிலியே அறுபடும். வேகவைக்கும்போது சோடாவின் அளவில் பட்டறைக்காரர்கள் காட்டும் கவனம் வீண் பழக்கமில்லை.

கிண்டிக் குழு பிறகு பிரிந்தது. கர்த்தா அமெரிக்காவின் பஃபலோ நகருக்குப் போய், 1967இல் பெல்லோ, ஹார்க்கர் இருவரோடு சேர்ந்து ரைபோநியூக்ளியேஸ் நொதியின் அமைப்பைக் கண்டார். ராமச்சந்திரன் 1970இல் சென்னையை விட்டார். மறு ஆண்டு பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மூலக்கூறு உயிரியற்பியல் பிரிவு அவரால் தொடங்கப்பட்டது. சசிசேகரனும் ராமகிருஷ்ணனும் அங்கேயே பேராசிரியர்கள் ஆனார்கள். 1977இல் ராயல் சொசைட்டி ராமச்சந்திரனை உறுப்பினராக்கியது. 2001 ஏப்ரல் 7 அன்று சென்னையில் காலமானார்.

கணக்கு மட்டும் மேசைக் கால்குலேட்டரிலிருந்து கணினிக்கு மாறி ஓடிக்கொண்டே இருந்தது. 1977இல் மெக்கேமன், கெலின், கார்ப்ளஸ் மூவரும் 58 கண்ணிகள் உள்ள ஒரு சிறு புரதத்தின் அசைவை முதன்முதலாகக் கணினியில் நடத்திக் காட்டினார்கள். அவர்கள் கண்ட நேரம் பத்து பிக்கோ வினாடிகூட இல்லை. புரதம் உறைந்த சிலையாக நில்லாமல் நெளிந்துகொண்டே வேலை செய்கிறது என்று அதிலிருந்து கண்கூடானது. இந்த வழியில் வந்த வேலைக்கு 2013இல் கார்ப்ளஸ், லெவிட், வார்ஷெல் மூவருக்கும், புரத வடிவமைப்புக்கும் வடிவக் கணிப்புக்கும் 2024இல் பேக்கர், ஹசாபிஸ், ஜம்பர் மூவருக்கும் வேதியியல் நோபல் வந்தது. 1971இல் ஏழே அமைப்புகளோடு தொடங்கிய புரதத் தரவு வங்கியில் இன்று இரண்டு லட்சத்துக்கு மேல் இருக்கின்றன. அங்கே புது அமைப்பு ஒன்று வந்து சேரும்போது செய்யும் சோதனைகளில் ராமச்சந்திரன் வரைபடமும் ஒன்று: எத்தனை கண்ணிகள் கோட்டுக்கு வெளியே விழுந்தன? வெளியே விழுந்தால் ஒன்று பிழை, அல்லது கவனித்துப் பார்க்க வேண்டிய விசேஷம். நொதிகளில் சில சமயம் இப்படி நெருக்கடிக்குள்ளாகி நிற்கும் கண்ணி, வேதிவினை நடக்கும் இடத்தை ஒட்டியே இருப்பதுண்டு.

அடுத்த பகுதியில் ஆரணிக்கே திரும்பிச் சாயத்தொட்டிக்குப் போகிறோம். 1856இல் லண்டனில் பெர்கின் என்ற இளைஞர் தற்செயலாகக் கண்ட முதல் செயற்கைச் சாயமான ஊதாவைத் தொடக்கத்தில் ஏற்றிப் பார்த்தது பட்டில். ஃபைப்ராயினின் எந்த இடத்தில் சாயம் போய்ப் பற்றுகிறது, அந்த ஊதா நிறத்துக்குப் பிறகு நம் சாயப்பட்டறைகளில் மரப்பட்டையும் வேரும் எப்படி மறைந்தன என்பதை அங்கே பார்ப்போம்.